செம்பனையும் கூடு சுமக்கும் புழுவும்



இரவில் வீட்டு வாசல் விளக்கைச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடாயினும், கிள்ளான் கடைத்தெருவாயினும், தோட்டத்து வரிசை வீடாயினும் நாம் காணும் காட்சி ஒன்றே. விளக்கு எரியத் தொடங்கிய சிறிது நேரத்தில் பழுப்பும் சாம்பலுமான பூச்சிகள் அதனைச் சுற்றி வட்டமிடும். காலையில் அவற்றுட் சில சுவரில் அசையாது ஒட்டியிருக்கும். நாமோ அவற்றையெல்லாம் 'விட்டில்' என்னும் ஒரே சொல்லால் குறித்துவிட்டுத் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறோம்.

அவ்வாறு விளக்கை நாடி வருவனவற்றுள் பல அந்துப்பூச்சிகள் ஆகும். அவை வண்ணத்துப்பூச்சியின் உறவினமே. உலகில் ஏறத்தாழ 160,000 வகை அந்துப்பூச்சிகளை அறிஞர்கள் பெயரிட்டுள்ளனர். வண்ணத்துப்பூச்சி வகைகளோ ஏறத்தாழ 18,000 மட்டுமே. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் சிறு குமிழ் போலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சியின் உணர்கொம்போ நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். வண்ணத்துப்பூச்சி பகலில் உலவும். அந்துப்பூச்சிகளுள் பெரும்பாலானவை இரவில் உலவும். முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுள்ள பூச்சி என நான்கு பருவங்களைக் கடப்பது இரண்டிற்கும் பொது.

சிறகு முளைத்த அந்துப்பூச்சியால் மரத்திற்குத் தீங்கில்லை. இலையைத் தின்பது புழுப் பருவமே. அப்புழுக்களுள் ஒன்று நம் தோட்டத்துச் செம்பனையைத் தின்கிறது. அதனைப் பற்றியும், அதனை எதிர்க்கப் புறப்பட்ட மனிதன் செய்த பிழையைப் பற்றியும், அப்பிழையிலிருந்து அவன் கற்ற பாடத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

ஊசியிலைக் காடும் புழுவும்

முதலில் குளிர் நாடுகளுக்குச் செல்வோம். அங்கே பைன், பர், ஸ்புரூஸ் முதலிய ஊசியிலை மரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வளர்ந்து நிற்கும். இலை ஊசி போல மெலிந்து நீண்டிருப்பதால் அப்பெயர் வந்தது. மொரிப் கடற்கரைக்குச் சுற்றுலா சென்ற மாணவர்கள் அங்குள்ள சவுக்கு மரத்தை நினைவுகூரலாம். அது பார்வைக்கு ஊசியிலை மரம் போலத் தோன்றினும் உண்மையில் பூக்கும் தாவர வகையைச் சார்ந்தது. அதில் நாம் ஊசி என எண்ணுவது இலையன்று, மெல்லிய கிளையே.

சீனா, வியட்நாம், ஜப்பான், சைபீரியா ஆகிய இடங்களின் ஊசியிலைக் காடுகளில் 'தெண்ட்ரோலிமஸ்' என்னும் இரவு அந்துப்பூச்சி இனம் வாழ்கிறது. தடித்த உடலும் பழுப்புச் சிறகும் உடையது. அதன் புழு பைன் மரத்தின் ஊசிகளைத் தின்றே வளர்கிறது. புழுக்கள் பெருகிய ஆண்டுகளில் பசுமையான மலைச்சரிவுகள் தீப்பட்டவை போல மாறிவிடும். அப்புழுவின் உடலிலுள்ள நுண்ணிய முள்மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும். சிலருக்கு மூட்டுகளும் வீங்கி வலிக்கும்.

ஒரே வகை மரம் இடைவெளியின்றி நிற்குமிடத்தில் அம்மரத்தைத் தின்னும் புழுவிற்கு அக்காடு முழுதும் அன்னசத்திரம் ஆகிவிடுகிறது. உணவு தேடி அலைய வேண்டியதில்லை. இப்போது நம் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். கேரித் தீவிலும், கிள்ளான், பந்திங், கோலசிலாங்கூர் வட்டாரங்களிலும் வரிசை வரிசையாக நிற்பது எது? செம்பனை ஒன்றே! ஊசியிலைக் காட்டின் கதை நமக்கும் பொருந்துவது இதனாலேதான்.

செம்பனை வந்த வரலாறு

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1870ஆம் ஆண்டுகளில் அது அழகு மரமாக மலாயாவிற்குக் கொண்டு வரப்பட்டது. 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி போக்கோனியே என்பவர் அதனை முதன்முதலாக வாணிகப் பயிராகப் பயிரிட்டார். பின்னாளில் இரப்பர் மரங்கள் பல தோட்டங்களில் வெட்டப்பட்டு அவ்விடங்களில் செம்பனை நடப்பட்டது. பால்மரம் வெட்டிய நம் முன்னோர் கத்தியை மாற்றிக்கொண்டு குலை வெட்டக் கற்றனர்.

மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் அதனைத் தின்னும் புழு நம் நாட்டதே. நம் காட்டு மரங்களின் இலைகளைத் தின்று வாழ்ந்த அப்புழு, புதிதாக வந்த மரத்தையும் தின்னப் பழகிக்கொண்டது. புழு நம் நாட்டதாயின் அதன் பகைவர்களும் நம் நாட்டிலேயே இருப்பர் அல்லவா? இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இது பயன்படும்.

வீட்டைச் சுமக்கும் புழு

இப்புழுவைத் தோட்டத்தில் 'உலாட் புங்குஸ்' என்னும் மலாய்ப் பெயரால் அழைப்பர். தமிழில் பைப்புழு எனலாம். அது தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் சிறு பை ஒன்றைப் பின்னுகிறது. இலைத் துணுக்குகளை அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அப்பைக்குள்ளேயே வாழ்கிறது. நத்தை ஓட்டைச் சுமப்பது போல அதனைச் சுமந்துகொண்டே நடக்கிறது. தலையை மட்டும் வெளியே நீட்டி இலையைத் தின்கிறது. ஆபத்து நேரின் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உடல் வளர வளரப் பையையும் பெரிதாக்குகிறது.

நம் செம்பனையைத் தாக்கும் பைப்புழுக்களுள் மூன்று முதன்மையானவை. அவை மெட்டிசா பிளானா, தெரோமா பெண்டுலா, மகாசேனா கோர்பெட்டி என்பன. மூன்றாவதன் பெயரில் மலாயா வேளாண்மைத் துறையில் பூச்சியியல் வல்லுநராகப் பணியாற்றிய கோர்பெட் என்பாரின் பெயர் நிலைத்துள்ளது. மெட்டிசா பிளானாவின் பை முழு வளர்ச்சியில் விரல் நகத்தின் நீளமே இருக்கும். மகாசேனாவின் பையோ ஒரு விரலின் நீளத்தை நெருங்கும்.

பைப்புழுக் குடும்பம் உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் அதன் உறவினம் ஒன்று ஜூனிப்பர் முதலிய ஊசியிலை மரங்களில் தொங்கி அவற்றின் இலையைத் தின்கிறது. தென்னிந்தியாவில் இன்னோர் உறவினம் புளிய மரத்தைத் தாக்குகிறது. மரம் வேறு, வாழ்க்கை முறை ஒன்றே.

இக்குடும்பத்துப் பெண் பூச்சியின் வாழ்வு வியப்புக்குரியது. மெட்டிசாவின் பெண் புழு வளர்ந்து பூச்சியான பின்னரும் அதற்குச் சிறகு முளைப்பதில்லை. அது தன் பையை விட்டு வெளியே வருவதுமில்லை. அங்கிருந்தபடியே ஒருவகை மணத்தைக் காற்றில் விடுகிறது. சிறகுள்ள ஆண் பூச்சி அம்மணத்தைப் பின்பற்றிப் பறந்து வருகிறது. ஆண் பூச்சி எதனையும் உண்பதில்லை. சில நாட்களே வாழ்கிறது. பெண் பூச்சி பைக்குள்ளேயே நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மடிகிறது. மகாசேனாவோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

தாய் பறக்க இயலாதாயின் குஞ்சுப் புழுக்கள் அடுத்த மரத்திற்குச் செல்வது எங்ஙனம்? முட்டையிலிருந்து வெளிவந்த புழு ஒரு நூலை விட்டுத் தொங்குகிறது. காற்று வீசும்பொழுது நூலோடு பறந்து அடுத்த மட்டைக்கோ அடுத்த மரத்திற்கோ சென்று சேர்கிறது. மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் நடந்தே கடந்து விடுகிறது. முட்டையிலிருந்து பூச்சியாகும் வரை மெட்டிசாவிற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். எனவே ஓர் ஆண்டிற்குள் பல தலைமுறைகள் தோன்றுகின்றன.

இழப்பு யாருக்கு?

இளம்புழு இலையின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். வளர்ந்த புழு இலையைத் துளைத்தும் ஓரத்தைக் கடித்தும் தின்னும். சுரண்டப்பட்ட இடம் காய்ந்து பழுப்பாகும். கடுமையாகத் தாக்கப்பட்ட மரத்தைத் தொலைவிலிருந்து நோக்கினால் கீழ் மட்டைகள் யாவும் நெருப்பில் வாட்டியவை போலத் தோன்றும்.

இலை என்பது மரத்தின் அடுப்பாகும். சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் இடம் அதுவே. அடுப்பு அணைந்த வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஏது? அதுபோல இலை இழந்த மரத்தில் குலையும் குறைகிறது. மரத்தின் இலையில் ஏறத்தாழப் பாதி அழிந்தால் அடுத்துவரும் ஈராண்டுகளில் விளைச்சல் நூற்றுக்கு நாற்பது வரை குறையக்கூடும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. குலை குறைந்தால் தோட்டத்திற்கு மட்டுமா இழப்பு? எடைக்குக் கூலி பெறும் குலைவெட்டிக்கும், உதிரிப் பழம் பொறுக்கும் தாய்க்கும் அது இழப்பே. மாதச் சம்பள நாளன்று அவ்விழப்பு நம் மாணவரின் வீட்டு அடுக்களையில் தெரியும். ஆகவே இப்புழுவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வாறு என்பதே கேள்வி.

போத்தலில் கண்ட பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் செம்பனை ஓலைத்துண்டு ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டு வந்தான். அதில் பைப்புழுவின் கூடுகள் பன்னிரண்டு தொங்கின. "ஐயா, இவற்றை எரித்துவிடலாமா?" என்று கேட்டான். "எரிப்பதற்கு முன் அறிந்துகொள்வோம்" என்று நாம் கூறினோம். காலியான ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவி உலர்த்தி, அதனுள் கூடுகளை இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி அறிவியல் மூலையில் வைத்தோம். சிறகுள்ள அந்துப்பூச்சி வெளிவரும் என மாணவர்கள் ஒவ்வொரு நாளும் காத்திருந்தனர்.

ஒரு திங்கட்கிழமை காலையில் போத்தலுள் ஏதோ அசைந்தது. ஓடிச் சென்று பார்த்தோம். அந்துப்பூச்சியைக் காணோம்! எறும்பினும் சிறிய கரிய குளவிகள் சில துணியின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. "துணியில் ஓட்டையில்லையே, இவை எப்படி உள்ளே வந்தன?" என்று பிள்ளைகள் வியந்தனர்.

அவை வெளியிலிருந்து வரவில்லை; கூட்டிற்குள்ளிருந்து வந்தவை. தோட்டத்திலேயே தாய்க்குளவி பைப்புழுவின் உடலில் தன் முட்டையை இட்டிருந்தது. குளவிக்குஞ்சு அப்புழுவையே உணவாக உண்டு வளர்ந்து, புழு இறந்தபின் சிறகோடு வெளிவந்தது. இத்தகைய குளவிகளை ஒட்டுண்ணிக் குளவிகள் என்பர். இவை மனிதரைக் கொட்டுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் இவற்றைக் கண்டதுமில்லை. ஆயினும் நாள்தோறும் செம்பனைக் காட்டில் கூலி வாங்காமல் காவல் புரிவோர் இவர்களே. இவர்களுக்குத் துணையாக 'சைக்கானஸ்' என்னும் வேட்டைப்பூச்சியும் உண்டு. அது ஊசி போன்ற தன் அலகைப் புழுவின் உடலில் குத்திச் சாற்றை உறிஞ்சிவிடும்.

கூடுகளைக் கொண்டு வந்த அம்மாணவன் சற்று நேரம் எண்ணமிட்டுவிட்டு மற்றொரு கேள்வி கேட்டான்: "ஐயா, மருந்தடித்தால் இந்தக் குளவிகளும் செத்துப்போகுமா?"

பெரிய வல்லுநர்களே காலங்கடந்து கேட்ட கேள்வி அது. அதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

மருந்தடித்து வளர்த்த புழு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி, டீல்ட்ரின், எண்ட்ரின் முதலிய பூச்சிக்கொல்லிகள் பெருமளவில் புழக்கத்திற்கு வந்தன. பட்டவுடன் எல்லாப் பூச்சிகளையும் அவை கொன்றன. மலாயாத் தோட்டங்களிலும் அவை தெளிக்கப்பட்டன. ஆயின் 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து செம்பனைத் தோட்டங்களில் பைப்புழு முன்னெப்போதும் இல்லாத அளவில் பெருகலாயிற்று. பெருகிய புழுவைக் கொல்ல மேலும் மருந்து அடித்தனர். அடித்த சில மாதங்களில் புழு மேலும் பெருகியது.

இதன் காரணத்தைப் பூச்சியியல் அறிஞர் பிரையன் உட் ஆராய்ந்து தெளிவாக்கினார். 1968இல் வெளிவந்த அவருடைய மலேசியச் செம்பனைப் பூச்சிகள் பற்றிய நூல் தோட்டத் துறையினரிடையே பெரிதும் பயன்பட்டது. காரணம் மிக எளியது. பைப்புழு தன் பைக்குள் பதுங்கியிருக்கிறது. மருந்து அதன்மேல் எளிதில் படுவதில்லை. குளவியும் வேட்டைப்பூச்சியுமோ வெளியே திரிகின்றன. அவை முழுதும் மடிந்தன. தப்பிப் பிழைத்த புழுக்களுக்குப் பகைவரே இல்லை. எனவே அவை கட்டுக்கடங்காது பெருகின. கள்வன் வீட்டிற்குள் பதுங்கியிருக்க, வாசலில் நின்ற காவலரைக் கொன்றது போலாயிற்று! கண்மூடித்தனமாக மருந்து தெளிப்பதை நிறுத்திய இடங்களில் குளவிகள் மீண்டும் வந்தன. புழுவின் பெருக்கமும் படிப்படியாகத் தணிந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் சபா மாநிலத்துத் தாவாவ் வட்டாரக் கொக்கோத் தோட்டங்களிலும் இத்தகைய நிகழ்ச்சி நடந்தது. மருந்து அடிக்க அடிக்கப் பைப்புழு முதலிய பூச்சிகள் பெருகின. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய கோர்டன் கான்வே என்னும் அறிஞர் பரவலாக மருந்தடிப்பதை நிறுத்துமாறு அறிவுரை கூறினார். அவ்வாறே செய்ய, இயற்கைப் பகைவர்கள் மீண்டு வந்தன, பூச்சிகள் குறைந்தன.

ஊசியிலைக் காட்டிலும் மனிதன் இவ்வாறே இடறினான். கனடா நாட்டின் நியூபிரன்ஸ்விக் மாநிலத்தில் பர் மரங்களின் துளிரை ஒருவகை அந்துப்பூச்சியின் புழு தின்றது. 1954ஆம் ஆண்டு ஜூன் மாதம் வானூர்திகள் மிராமிச்சி ஆற்றங்கரைக் காடுகளின் மீது டிடிடி தெளித்தன. இரண்டொரு நாளில் அவ்வாற்றின் மீன்கள் செத்து மிதந்தன. அவ்வாண்டுப் பிறந்த சால்மன் மீன்குஞ்சுகள் பெரும்பாலும் அழிந்தன. மீன்குஞ்சுகளின் உணவாகிய நீர்ப்பூச்சிகளும் மாண்டன. 1962இல் இராச்சல் கார்சன் அம்மையார் 'மௌன வசந்தம்' என்னும் பொருள்படும் பெயருடைய தம் நூலில் இந்நிகழ்ச்சியை விரிவாக எழுதி உலகின் கண்ணைத் திறந்தார்.

இன்றைய முறை: எண்ணிப் பார்த்துச் செயற்படல்

அப்படியாயின் புழுவைக் கண்டும் சும்மா இருப்பதா என்று சிலர் கேட்கலாம். அவ்வாறன்று. இன்றைய முறையின் முதற்படி கணக்கெடுப்பு. குறிப்பிட்ட மரங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மட்டையை வெட்டி, அதிலுள்ள உயிருள்ள புழுக்களை எண்ணுவர். மெட்டிசா பிளானாவாயின் மட்டைக்கு 10 புழுக்கள், பெரிய மகாசேனாவாயின் 5 புழுக்கள் என்பது எல்லையாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. அதற்குக் குறைவாயின் குளவிகளே பார்த்துக்கொள்ளும். அதற்கு மேற்படின் மனிதர் தலையிட வேண்டும். பாருங்கள் மாணவர்களே! நீங்கள் வகுப்பில் கற்கும் எண்ணலும் சராசரியும் தோட்டத்தைக் காக்கின்றன.

எண்ணும்பொழுது புழுவின் பருவத்தையும் நோக்குவர். கூட்டுப்புழுப் பருவத்தில் அது எதனையும் உண்பதில்லை. அக்காலத்தில் உணவு வழியாகக் கொல்லும் மருந்தைத் தெளித்தால் பணமும் உழைப்பும் வீணே. இளம்புழுக்கள் தின்று திரியும் காலமே ஏற்ற காலம்.

உணவு வழியாகக் கொல்லும் அம்மருந்துகளுள் சிறந்தது ஒரு நுண்ணுயிர் ஆகும். அதன் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் நோயுற்ற பட்டுப்புழுக்களில் இதனைக் கண்டார். 1911இல் செருமனியின் துரிங்கியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் பெர்லினர் என்பவர் கண்டு ஆராய்ந்தார். அவ்விடத்தின் பெயரே நுண்ணுயிருக்கும் அமைந்தது. இலையோடு இதனை உண்ட புழுவின் குடல் கெட்டு அது மடிகிறது. குளவிக்கும் மனிதருக்கும் இதனால் தீங்கு மிகக் குறைவு. பண்டார் பாரு பாங்கியில் தலைமையகம் கொண்ட மலேசியச் செம்பனை வாரியம் இந்நுண்ணுயிர் மருந்தை நம் நாட்டிற்கேற்ப உருவாக்கியுள்ளது. சீனத்துப் பைன் காடுகளிலும் தெண்ட்ரோலிமஸ் புழுவை எதிர்க்க நோய்ப் பூஞ்சணத்தையும் முட்டையை அழிக்கும் நுண்குளவியையும் பயன்படுத்துகின்றனர்.

குளவியைக் காப்பதோடு மற்றொரு நண்பனையும் நாம் காக்க வேண்டும். அது செம்பனைப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்யும் சிறு வண்டு. முன்னாளில் தோட்டத்துப் பெண்கள் பூந்தாதுப் பொடியைக் கையால் தூவி வந்ததை மூத்தோர் நினைவுகூர்வர். கேமரூன் நாட்டில் அறிஞர் சையத் என்பவர் ஆராய்ந்த அவ்வண்டு 1981இல் மலேசியாவில் விடப்பட்டது. அது முதல் அவ்வேலையை அவ்வண்டே செய்து வருகிறது. எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்து, குலைக்குக் காரணமான இவ்வண்டையும் கொல்லும் என்பதை மறவாதீர்.

எனினும் ஒருவர் தோட்டத்தில் கவனிப்பாரின்றிப் பெருகிய புழு, காற்றில் நூல் விட்டு அடுத்தவர் தோட்டத்திற்குச் செல்லும். எனவேதான் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டத்தின் கீழ் 2013இல் பைப்புழு ஆபத்தான பூச்சியென அறிவிக்கப்பட்டது. பெருந்தோட்டமாயினும் சிறு தோட்டமாயினும் அதனைக் கட்டுப்படுத்துவது உரிமையாளரின் கடமை.

எட்டு மணிப் பூ

தோட்டச் சாலையோரத்தில் மஞ்சளும் வெண்மையுமான சிறு பூக்கள் காலையில் மலர்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மலாய் மொழியில் அதனைப் 'பூங்கா புக்குல் லாப்பான்', அதாவது எட்டு மணிப் பூ என்பர். அதன் அறிவியற் பெயர் தெர்னேரா. இளஞ்சிவப்புக் கொத்தாகப் பூக்கும் கொடிரோசும், மஞ்சள் பூப்பூக்கும் ஒருவகைக் கேசியாவும் அவ்வாறே நடப்பட்டிருக்கும். இவை வெறும் அழகிற்காக நடப்பட்டவையல்ல. குளவிக்குஞ்சு புழுவைத் தின்று வளர்ந்தாலும், வளர்ந்த குளவிக்குப் பூந்தேனே உணவு. பூவில்லாத தோட்டத்தில் குளவி நீண்ட நாள் வாழாது. ஆகவே இச்செடிகள் குளவியின் உணவுச்சாலைகள். விளையாட்டாக அவற்றைப் பிடுங்கி எறியாதீர். புல்லென நினைத்துக் களைக்கொல்லி அடிப்பதும் கூடாது.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

புழுவிற்கு அடிக்கும் மருந்தும் களைக்கு அடிக்கும் மருந்தும் முதலில் படுவது அடிப்பவரின் உடலிலேயே. முதுகில் தெளிப்பானைச் சுமந்து வரிசை வரிசையாக நடந்தவர்களுள் நம் தாய்மார்களே மிகுதி. அவர்கள் ஈட்டிய கூலியில் படித்து உயர்ந்தோர் இந்நாட்டில் பலர். அவர்தம் உடல்நலம் கூலியினும் பெரிது. பராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதனால் மற்றவை யாவும் தீங்கற்றவை என்று எண்ணிவிடலாகாது.

மருந்துக் கலத்தின்மேல் ஒட்டியுள்ள குறிப்பைப் படியுங்கள். படிக்க இயலாதவர்க்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். கையுறை, முகமூடி, காலணி ஆகியவற்றை அணிந்தே வேலை செய்யுங்கள். காற்று வீசும் திசைக்கு எதிராகத் தெளிக்காதீர். வேலை உடையோடு குழந்தையைத் தூக்காதீர். முதலில் குளித்து உடை மாற்றுங்கள். அவ்வுடையைத் தனியே துவையுங்கள். காலியான மருந்துக் கலத்தில் தண்ணீரோ எண்ணெயோ வைத்துக்கொள்வது நஞ்சைச் சேமித்து வைப்பதற்கு ஒப்பாகும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் மருந்து வேலைக்குச் செல்லுதல் கூடாது. மருந்தடித்த பகுதியில் உதிரிப் பழம் பொறுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர். இவற்றை வலியுறுத்திக் கேட்பது தொழிலாளியின் உரிமை. நிறைவேற்றுவது நிருவாகத்தின் கடமை.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! அந்த ஊறுகாய்ப் போத்தல் இன்றும் நம் அறிவியல் மூலையில் இருக்கிறது. அன்று அவற்றை எரித்திருந்தால் புழுவோடு குளவியையும் எரித்திருப்போம். எரித்ததை அறிந்தும் இருக்கமாட்டோம். நமக்குத் தீங்கு செய்வதாகத் தோன்றும் ஒன்றை அழிக்குமுன், அது யாது, அதனோடு சேர்ந்து அழிவது யாது என்று இரு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். கேட்கத் தெரிந்த ஒரு மாணவனால் நம் பள்ளி முழுதும் ஒரு பாடம் கற்றது. நாளை நீங்கள் வேளாண்மை அதிகாரியாகலாம், தோட்ட மேலாளராகலாம், ஆராய்ச்சியாளராகலாம். எவராயினும் எண்ணிப் பார்த்துச் செயற்படுங்கள். எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கணக்கிடுதல் ஒன்று, சிந்தித்தல் மற்றொன்று. பைப்புழு நமக்கு இரண்டையும் கற்பிக்கின்றது.

பயிற்சி

1. அந்துப்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.

2. சிறகில்லாத தாயின் குஞ்சுப் புழுக்கள் அடுத்த மரத்தைச் சென்றடைவது எவ்வாறு?

3. பூச்சிக்கொல்லி தெளித்தபின் பைப்புழு பெருகியது ஏன்? காரணம் காட்டி விளக்குக.

4. ஐந்து மட்டைகளில் முறையே 4, 9, 12, 6, 14 மெட்டிசா பிளானாப் புழுக்கள் இருந்தன. சராசரி யாது? மருந்தடிக்கும் எல்லையை அது எட்டியுள்ளதா?

5. செயற்பாடு: பெரியோர் துணையோடு, மருந்தடிக்கப்படாத இடத்திலிருந்து ஓலைத்துண்டில் ஒட்டிய கூடுகள் சிலவற்றைக் கொண்டு வந்து போத்தலில் இட்டு மெல்லிய துணியால் மூடுக. மூன்று வாரம் நாள்தோறும் நோக்கி, வெளிவருவது அந்துப்பூச்சியா குளவியா எனக் குறிப்பேட்டில் எழுதுக.